கடாரத்திலிருந்து தஞ்சைக்கு

பழந்தமிழ்க் கல்வெட்டுக்கள் கடாரம் என்று குறிக்கும் நாடு, நாம் வாழும் இக்கெடா நாடே என்பதை இன்று நம்மவருள் அறியாதார் அரியர். தோட்டத்துத் திருவிழா மேடையிலும், நகரத்துச் சங்க ஆண்டு விழாவிலும், பொங்கற் கூட்டங்களிலும் பேச எழுந்த எவரும் இதனைச் சொல்லாது அமர்வதில்லை. கடாரங் கொண்ட சோழனின் வழிவந்தோர் நாம் என்று ஒருவர் முழங்குவார், கூட்டம் கைதட்டும். யானும் பன்முறை கைதட்டியவனே. ஆனால் தஞ்சைப் பெரிய கோயிலைக் கண்டு திரும்பிய பின்னர் அவ்வாறு கைதட்ட என்னால் இயலவில்லை. அஃது ஏன் என்பதைத் தோட்டத்து அன்பர்களுக்கும் நகரத்து அன்பர்களுக்கும் சொல்ல விரும்புகின்றேன்.

என் பாட்டனார் தஞ்சைச் சீமையில் ஒரு சிற்றூரின் சேரியிற் பிறந்தவர். மிராசுதார் ஒருவரிடம் பண்ணையாளாய் இருந்தவர். கங்காணி ஒருவன் சொற்கேட்டு நாகப்பட்டினத்துக்கு அருகிலுள்ள பாப்பாக்கோயில் முகாமில் சின்னாள் தங்கி, கப்பலேறி, பினாங்கையடுத்த ஜெரஜாக் தீவில் நோய்த்தடுப்பு முகாமில் அடைபட்டுக் கிடந்து, பின் பீடோங் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் பால்வெட்டுக்கு வந்து சேர்ந்தார். 1938 ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் உதவி பெற்ற கூலிக் குடியேற்றத்தைத் தடை செய்தது. அதற்குச் சில ஆண்டுகட்கு முன்னே நிகழ்ந்தது அவர் வருகை. யான் சிறுவனாய் இருந்தபோது, "தாத்தா, தஞ்சாவூர்ப் பெரிய கோயிலைப் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டேன். பள்ளிப் பாடப் புத்தகத்தில் அதன் படம் இருந்தது. அவர் வெற்றிலையை மென்றுகொண்டே, "கோபுரத்தைப் பார்த்திருக்கிறேன்" என்றார். அவ்விடையில் அடங்கியிருந்த பொருள் அன்று எனக்கு விளங்கவில்லை. நாற்றங்காலில் நின்று நிமிர்ந்து பார்த்தால் தெரிகின்ற கோபுரத்தை மட்டுமே அவர் பார்த்திருந்தார்.

அவர் பார்த்திராத உட்புறத்தைப் பார்க்கவே யான் சென்றேன் எனலாம். பக்தியால் சென்றேன் என்று சொல்வது பொய்யாகும்.

தஞ்சைக் கோயிலைப் பற்றி நூல்களிற் படித்துவிட்டுச் செல்வோர்க்கும் அதன் முன் நிற்கும்போது திகைப்பு உண்டாகவே செய்யும். கேரளாந்தகன் திருவாயில், இராசராசன் திருவாயில் என்னும் இரண்டு வாயில்களையும் கடந்து முற்றத்தில் அடியிட்டவுடன் விமானம் ஒரே வீச்சில் எழுந்து நிற்கின்றது. உயரம் ஏறக்குறைய 200 அடி. பிற்காலத்துக் கோயில்களில் வாயிற் கோபுரம் வானளாவ, உள்ளே கருவறை குன்றிக் கிடக்கும். இங்கோ முறை மாறியது. வாயில்கள் அடங்கியிருக்க, கருவறையின் மேல் விமானம் ஓங்கியுள்ளது. தஞ்சையோ வண்டல் நிலம். சுற்றுவட்டத்தில் கருங்கல் மலை கிடையாது. புதுக்கோட்டைப் பக்கத்துக் குன்றுகளினின்றும் கல் வந்திருக்க வேண்டும் என்பர் ஆராய்ச்சியாளர். முதலாம் இராசராசன் தன் ஆட்சியின் 25 ஆம் ஆண்டாகிய 1010 இல் விமானத்தின் உச்சியில் வைப்பதற்குச் செப்புக் குடம் அளித்தான். அன்று தொடங்கி இன்றுவரை அவ்விமானம் சாயாமல் நிற்கின்றது.

வழிகாட்டி ஒருவர் எங்களைச் சூழ்ந்துகொண்டு, விமானத்தின் நிழல் தரையில் விழாது என்றார். அவர் அதனைச் சொல்லும்போது நாங்கள் அந்த நிழலில்தான் ஒதுங்கி நின்றோம். மாலை வெயில், நிழல் நீண்டு மதில்வரை கிடந்தது. யான் கையால் சுட்டிக் காட்டினேன். அவர் சிறிதும் நாணாமல், நந்தி வளர்ந்துகொண்டே வந்ததாகவும் முதுகில் ஆணியடித்து அதன் வளர்ச்சியை நிறுத்தியதாகவும் அடுத்த கதைக்குப் போய்விட்டார். இப்போதுள்ள பெரிய நந்தியும் அதன் மண்டபமும் நாயக்கர் காலத்தவை. கல் வளராது, கட்டுக்கதைதான் வளரும். ஆயிரம் ஆண்டு நிற்கும் கட்டடத்தைக் கணக்கிட்டு எழுப்பிய தச்சனின் அறிவைப் புகழாமல், நடவாத அற்புதத்தைப் புகழ்கின்ற இவ்வழக்கம் நம்மவரை விட்டு என்று நீங்குமோ! அத்தச்சனின் பெயர் கதையிலன்று, கல்லிலேயே இருக்கின்றது. வீரசோழன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் என்பது அவன் பெயர். வழிகாட்டி அப்பெயரை ஒருமுறையும் உச்சரிக்கவில்லை.

கல்வெட்டுக்களே பெரிய கோயிலின் உண்மையான செல்வம் என்பேன். ஹுல்ச் என்னும் ஜெர்மானிய அறிஞர் இவற்றைப் படியெடுத்துத் தென்னிந்தியக் கல்வெட்டுக்களின் இரண்டாந் தொகுதியாக 1891 முதல் பகுதி பகுதியாக வெளியிட்டார். சுவரைச் சுற்றி வரும் எழுத்து வரிசையைப் பார்த்தால் ஒரு பெரிய பண்டகசாலையின் கணக்கேட்டைக் கல்லில் விரித்து வைத்தாற்போல் உள்ளது. அரசன் கொடுத்தவை, அவன் தமக்கை குந்தவையார் கொடுத்தவை, தேவியர் கொடுத்தவை, அதிகாரிகள் கொடுத்தவை யாவும் எடை, அளவு, எண்ணிக்கையோடு பொறிக்கப்பட்டுள. எந்த நகையில் எத்தனை முத்து, அவற்றுள் குற்றமுடையவை எவை என்பது வரை எழுதி வைத்தார்கள். விளக்குக்கு நெய் அளப்பவன், கணக்கன், குடை பிடிப்பவன், கொட்டி முழக்குவோன், நாவிதன், வண்ணான், தையற்காரன் ஒவ்வொருவர்க்கும் இன்ன பங்கு நெல் என்று கணக்குண்டு.

பல ஊர்க் கோயில்களிலிருந்து 400 பெண்டிரைக் கொணர்ந்து தளிச்சேரியிற் குடியேற்றியதும் அச்சுவரில் இருக்கின்றது. தெருவும், சிறகும், வீட்டு வரிசையும், எந்த ஊரிலிருந்து வந்தவள் என்பதும், அவள் பெயரும் ஒவ்வொன்றாக எழுதப்பட்டுள. ஒருத்திக்கு ஒரு வீடும், ஆண்டுக்கு 100 கலம் நெல்லும். அவர்கள் கலை வல்லவர், மதிப்புடன் வாழ்ந்தவர் என்று வரலாற்றாசிரியர் சிலர் கூறுவர். இருக்கலாம். ஆனால் அந்த நானூற்றுவரில் எவரையும் வருவதற்கு விருப்பமா என்று கேட்டதாக அக்கணக்கேட்டில் ஒரு வரியும் இல்லை. ஆள் சேர்த்து, வீடு கொடுத்து, படியளந்து, பெயரைப் பேரேட்டில் பதியும் முறை நமக்குப் புதியதன்று. தோட்டத்து லயத்தில் வளர்ந்தவன் அப்பட்டியலைப் படிக்கும்போது கிராணியின் செக்ரோல் புத்தகத்தை நினையாதிருக்க முடியாது.

கோயிலுக்கு விளக்கெரிக்கும் இலுப்பைப்பாலுக்கும் நெல்லுக்கும் காசுக்கும் ஈழநாட்டு ஊர்கள் சிலவும் எழுதி வைக்கப்பட்டன. வென்ற நாட்டு உழவன் கொடுத்த பொருளும் தஞ்சையில் விளக்காய் எரிந்தது.

இனி, என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்த வரிகளுக்கு வருகின்றேன். கோயிலுக்கு வருவாயாக விடப்பட்ட சோழநாட்டு ஊர்களின் பெயரும், ஒவ்வோர் ஊரிலும் இறை செலுத்தவேண்டிய நிலத்தின் பரப்பும் அங்கே கூறப்படுகின்றன. கணக்கு நேர்மையானது. ஆதலின் எந்த நிலத்துக்கு இறை இல்லை என்பதையும் சொல்லிக் கழித்துவிடுகின்றது. ஊர் நத்தம், கோயில், குளம், வாய்க்கால், சுடுகாடு என்று போகும் அப்பட்டியலில், கம்மாணச்சேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி என்னும் பெயர்களும் வருகின்றன. சில ஊர்களில் வெள்ளாளர்க்கு ஒரு சுடுகாடும் பறையர்க்கு ஒரு சுடுகாடும் வேறு வேறாகக் குறிக்கப்பட்டுள. ஆயிரம் ஆண்டுகட்கு முன்னே, தமிழரின் பொற்காலம் என்று நாம் மார்தட்டும் காலத்தில், பேரரசனின் ஆணையால் வெட்டப்பட்ட எழுத்தில் இது நிற்கின்றது. பிறப்பால் தாழ்வு சொல்லும் வழக்கம் பிற்காலத்து வந்தேறிகளால் நுழைந்தது, அதற்குமுன் தமிழர் அதனை அறியார் என்று சாதிப்போர் நம்மிடையே உளர். அவர்கள் நல்லெண்ணம் பற்றி ஐயமில்லை. ஆனால் அவர்கள் தஞ்சைக்குப் போய் அச்சுவரைப் படித்தல் வேண்டும். செத்த பின்னும் ஒன்று சேர விடாத சுடுகாடுகள் இரண்டு அதில் அடக்கம்.

என் பாட்டனாரின் சேரி அப்பட்டியலிற் கண்ட சேரிகளுள் ஒன்றன் வழிவந்ததா என்று எனக்குத் தெரியாது. ஆனால் சேரி என்னும் அச்சொல்லைத்தான் அவரும் சொன்னார். இராசராசனின் கல்தச்சன் உளியால் வெட்டிய அதே சொல். பேரரசு போயிற்று, நாயக்கர் போயினர், மராட்டியர் போயினர், வெள்ளையர் வந்து போயினர், சேரி மட்டும் போகவில்லை.

கோயிலுக்குள் ஆதிதிராவிடர் நுழைந்த வரலாறு நமக்கு மிக அண்மையது. 1939 ஆம் ஆண்டு ஜூலை 8 ஆம் நாள், வைத்தியநாத ஐயர் முன்னின்று, ஆதிதிராவிடரையும் நாடாரையும் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் அழைத்துச் சென்றார். பெரும் எதிர்ப்பு எழுந்தது. நுழைந்தவர் மேலும் நுழைய விட்டவர் மேலும் வழக்கு வாராதபடி காக்க அன்றைய சென்னை மாகாண அரசு சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. அதே ஆண்டில் தஞ்சை அரச குடும்பத்தின் பரம்பரைப் பொறுப்பில் இருந்த பெரிய கோயிலும் அதனுடன் பல கோயில்களும் எல்லார்க்கும் திறந்துவிடப்பட்டன. மாகாணம் முழுமைக்குமான கோயில் நுழைவுச் சட்டம் 1947 இல் வந்தது. என் பாட்டனார் கப்பலேறிய சில ஆண்டுகளுக்குள் கதவு திறந்தது. அதனைத் திறக்க 929 ஆண்டுகள் ஆயின. அவர் மீண்டும் ஊர் போகவில்லை. போயிருந்தால் நுழைந்திருப்பாரா என்பதும் ஐயமே. சட்டம் திறந்த கதவைப் பழைய அச்சம் அடைத்து வைக்கும்.

இந்நாட்டுக்கு வந்த பின் மட்டும் எல்லாம் மாறிவிட்டதென்று எண்ண வேண்டா. பழைய நாளில் தோட்டங்கள் பலவற்றில் லயமே சாதிவாரியாய்ப் பிரிந்திருந்தது. கிணறும் மாரியம்மன் கோயில் முதல் மரியாதையும் பற்றி எழுந்த சண்டைகளை முதியோர் இன்றும் சொல்வர். 1929 ஆம் ஆண்டு டிசம்பரில் ஈ. வெ. இராமசாமிப் பெரியார் பினாங்கில் வந்திறங்கிய பின்னரே தோட்டத்துச் சிறுகூட்டங்களிலும் சுயமரியாதை என்னும் சொல் பேசப்படலாயிற்று. போர் முடிந்தபின் இக்கெடாவிலேயே, பீடோங் ஹார்வர்டு தோட்டத்தில், ஏ. எம். சாமி என்பார் தலைமையில் தொண்டர் படை எழுந்தது. குடியை ஒழிக்கவும் தொழிலாளரை ஒழுங்குபடுத்தவும் தோன்றிய அப்படை 1947 இன் தொடக்கத்தில் கள்ளுக்கடை மறியல் செய்தது; போலீசார் தலையிட்டனர்; தொழிலாளி ஒருவர் உயிர் துறந்தார். நம் நாட்டு வரலாற்று நூல்களில் இதற்குக் கிடைப்பது ஒரு பத்தியே. இராசேந்திரன் கடாரம் கொண்டதைச் சொல்லும் மேடைகளில் அந்த ஒரு பத்தியும் இல்லை.

இராசேந்திரனுக்கே வருவோம். தந்தை எடுத்த கோயிலின் சுவரில் அவனுடைய 19 ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கின்றது. அவன் மெய்க்கீர்த்தி அதிலே விரிவாய் வருகின்றது. கடல் நடுவே கப்பல் பல செலுத்திக் கடாரத்து அரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மனை யானைப் படையோடு பிடித்ததும், அவன் பண்டாரத்தையும் ஸ்ரீவிசய நகரின் தோரண வாயிலையும் கவர்ந்ததும் சொல்லப்படுகின்றன. தொடர்ந்து வரும் ஊர்ப் பெயர்களைப் பாருங்கள்: பண்ணை, மலையூர், மாயிருடிங்கம், இலங்காசோகம், மாப்பப்பாளம், தலைத்தக்கோலம், மாதமாலிங்கம், இலாமுரிதேசம், மானக்கவாரம். கடைசியில் கடாரம். மலாய்த் தீபகற்பத்தின் கரையும் சுமத்திராவின் கரையும் நிக்கோபார்த் தீவும் அதனுள் அடங்கும். படையெடுப்பு நிகழ்ந்தது 1025 ஆம் ஆண்டையொட்டி என்பர்.

வேடிக்கை யாதெனின், இக்கல்வெட்டை வெளியிட்ட ஹுல்ச், கடாரம் என்பது இராமநாதபுரம் ஜமீனில் உள்ள ஓர் ஊர் என்றே முதலில் கருதினார். கடல் கடந்து ஒரு தமிழரசன் படை நடத்தியிருப்பான் என்று அன்று எவர்க்கும் தோன்றவில்லை. பின்னர் வந்த ஆராய்ச்சியாளர் அதனைத் திருத்தினர். பிரெஞ்சு அறிஞர் செதே 1918 இல் ஸ்ரீவிசயப் பேரரசைப் பற்றி எழுதிய கட்டுரையோடு கடல் கடந்த அப்பெயர்கள் தத்தம் இடத்தில் அமர்ந்தன. பட்டினப்பாலையில் வரும் காழகத்தையும் கடாரமென்றே உரையாசிரியர் நச்சினார்க்கினியர் கொண்டார். அவர் அறிந்ததை நாம் மறந்து, பிரெஞ்சுக்காரர் ஒருவர் நினைவூட்ட வேண்டியதாயிற்று.

இனி இவ்வெற்றியின் தன்மை யாது? நாட்டைப் பிடித்து ஆண்டதாகச் சொல்ல யாதொரு சான்றும் இல்லை. சீனத்தோடு சோழநாட்டு வணிகர்க்கு நேர்த்தொடர்பு வேண்டியிருந்தது. 1015 இலும் 1033 இலும் சோழத் தூதர் சீன அரசவைக்குச் சென்றதைச் சீனர் குறித்து வைத்துள்ளனர். இடைக்கடலின் வாயிலைக் காத்து நின்றது ஸ்ரீவிசயம். அத்தடையை நீக்கவே தண்டெடுத்திருக்க வேண்டும் என்பது நீலகண்ட சாத்திரியார் முதலியோர் கருத்து. காரணம் எதுவாயினும், கரையோர ஊர்கள் பலவற்றை அடித்து, அரசனைப் பிடித்து, யானையையும் வாயிலையும் வாரிக்கொண்டு திரும்பியதுதான் செயல். இதனையே வேற்று நாட்டார் நம்மூரில் செய்திருந்தால் நாம் என்ன பெயரிடுவோம்? கஜினி முகம்மது சோமநாதபுரத்தைக் கொள்ளையிட்டதும் ஏறக்குறைய அதே ஆண்டு என்பதை வாசகர் நினைவிற் கொள்க. ஒன்றைக் கொள்ளை என்றும் மற்றொன்றை வீரம் என்றும் நம் பிள்ளைகட்குக் கற்பிப்பது நேர்மையாகாது.

அன்றியும், கடாரத்தார் நமக்கு முன்பே உறவினர். இஃது அறிய நாகப்பட்டினம் போக வேண்டும். யான் தஞ்சையிலிருந்து அங்கேயும் சென்றேன். பாட்டனார் கப்பலேறிய துறையல்லவா! கடாரத்து அரசன் மாரவிசயோத்துங்கவர்மன், தன் தந்தை சூடாமணிவர்மன் பெயரால் அப்பட்டினத்தில் ஒரு புத்த விகாரம் எடுத்தான். அதற்கு இராசராசன் தன் 21 ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1006 ஆம் ஆண்டளவில், ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்தான். 97 வேலி நிலம். ஏறக்குறைய 8,900 கலம் நெல் வருவாய். சைவப் பேரரசன் ஒருவன், கடல் கடந்த வேற்று நாட்டான் எழுப்பிய வேற்றுச் சமயப் பள்ளிக்கு இவ்வளவு கொடுத்தான். இவ்வறத்தைச் செப்பேட்டில் பொறிக்கச் செய்தவன் இராசேந்திரனே. டச்சுக்காரர் அச்செப்பேடுகளைக் கொண்டுபோயினமையால் லெய்டன் பட்டயம் என்று அவற்றுக்குப் பெயர் வந்தது. கடாரத்தரசனின் ஆட்கள் நாகைக் காரோணத்துச் சிவன் கோயிலுக்கும் சீனப்பொன் முதலியன கொடுத்த கல்வெட்டுக்கள் உள்ளன. படையெடுப்புக்குப் பின்னும் இவ்வுறவு முற்றும் அறவில்லை. முதற் குலோத்துங்கன் காலத்தில், 1090 இல், கடாரத்தரசனின் தூதர் வந்து அவ்விகாரத்தின் நிலங்கட்கு மீண்டும் உரிமை எழுதி வாங்கினர்.

மேடையில் இச்செய்தியைக் கேட்டதுண்டோ? யான் கேட்டதில்லை. கடாரத்தைக் கொண்டது எல்லார்க்கும் தெரியும். கடாரத்தார்க்குக் கொடுத்ததும் அவர்கள் நமக்குக் கொடுத்ததும் ஒருவர்க்கும் தெரியாது. மலாய் மக்களும் சீனரும் நாமும் அண்டை வீட்டாராய் வாழும் இந்நாட்டில், எதனை முன்னே சொல்லத் தகும் என்பதை நம் பேச்சாளர் சிந்திப்பாராக.

நாகப்பட்டினத்தில் அவ்விகாரத்தைத் தேடினேன். தேடுவதற்கு ஒன்றும் இல்லை. அதன் செங்கற் கோபுரம் ஒன்று 19 ஆம் நூற்றாண்டு வரை நின்றது. 1846 இல் சர் வால்டர் எலியட் என்னும் ஆங்கிலேய அதிகாரி அதனைப் பார்த்துக் குறிப்பெழுதினார். கடலில் வரும் மாலுமிகட்கு அஃது ஓர் அடையாளமாய் விளங்கிற்று. ஆனால் அருகில் கல்லூரி கட்டிய ஏசு சபைப் பாதிரிமார் அதனை இடிக்க இசைவு கேட்டனர், சென்னை அரசாங்கம் 1867 இல் இசைவு தந்தது, இடித்தார்கள். அவ்வூர் மண்ணிலிருந்து எடுத்த புத்தர் செப்புத் திருமேனிகள் 300க்கு மேற்பட்டவை. அவற்றுட் பல சென்னை அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. கட்டடம் போயிற்று. கடாரத்தார் தமிழ் மண்ணில் விட்டுச் சென்ற ஒரே பெருங்கட்டடத்தை நம் கண்முன்னே இடித்தார்கள். தமிழர் தடுத்ததாகத் தெரியவில்லை.

கங்கைகொண்ட சோழபுரத்துக்கும் போனேன். அங்கே மதிற்சுவர்க் கற்களை 1836 இல் கொள்ளிடத்து அணைக்குப் பெயர்த்தனர் என்பதைச் சொல்வதோடு அமைகின்றேன். அக்கோயிலைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.

கெடாவுக்குத் திரும்பிய மறுவாரமே மெர்போக்குக்குச் சென்றேன். பீடோங்கிலிருந்து அரைமணி நேரப் பயணம்கூட இல்லை. அறுபது ஆண்டு இங்கே வாழ்ந்தவன், தஞ்சைக்குப் போய்வந்த பின்னரே அடுத்த ஊரைப் பார்க்கச் சென்றேன் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கின்றேன். ஜெராய் மலையின் அடிவாரத்தில், பூஜாங் பள்ளத்தாக்கில், சிற்றாற்றங்கரையில் புக்கிட் பத்து பகாட் கோயிலின் அடித்தளம் இருக்கின்றது. கருவறையும் அதன் முன் மண்டபமும் தெளிவாய்த் தெரிகின்றன. தூண் நடுவதற்குக் குழித்த கற்கள் வரிசையாய்க் கிடக்கின்றன. மேலே மரத்தாலும் கூரையாலும் அமைந்திருக்க வேண்டும். அவை இந்நாட்டு மழைக்கு நில்லா. 1936, 1937 ஆம் ஆண்டுகளில் குவாரிட்ச் வேல்ஸ் என்பாரும் அவர் மனைவியாரும் இப்பள்ளத்தாக்கில் 30 இடங்களை அகழ்ந்தாராய்ந்தனர். இக்கோயில் அவர்கள் கணக்கில் 8 ஆவது. பின்னர் 1959, 1960 இல் அலஸ்டர் லாம்ப் இதனை மீண்டும் ஆராய்ந்து, சிதறிய கற்களை அடுக்கிச் சீர்ப்படுத்தினார். அடித்தளத்தின் உள்ளே புதைத்து வைத்த சிறு கற்பேழைகள் கிடைத்தன. அருகிலுள்ள அருங்காட்சியகம் 1980 இல் திறக்கப்பட்டது.

இதனைச் சோழர் கட்டினர் என்று சொல்வோர் பலர். அவ்வாறு சொல்லும் எழுத்து ஒன்றும் இப்பள்ளத்தாக்கிற் கிடைக்கவில்லை. தமிழ் வணிகரின் கல்வெட்டு வடக்கே தக்கோபாவிலும், 1088 ஆம் ஆண்டினதாகச் சுமத்திராவின் பாரூசிலும் கிடைத்துள்ளது, இங்கு இல்லை. சோழர் வருவதற்கு நெடுங்காலம் முன்னரே இவ்வூர்த் துறையில் புத்தரும் சைவரும் வந்து போயினர். ஈ-சிங் என்னும் சீனத் துறவி 671 இல் புறப்பட்டுக் கெடா வழியாக இந்தியா சென்றார். சுங்கை பத்துவில் மலேசிய அறிவியற் பல்கலைக்கழகத்தார் கண்ட இரும்புருக்கும் உலைகளோ அதனினும் பழமையுடையன என்பர். வந்தவர் கொணர்ந்த சமயத்தையும் கலையையும் இந்நாட்டார் தம் மண்ணுக்கும் மழைக்கும் ஏற்ப ஆக்கிக்கொண்டனர். கல்லை வெட்டிய கை இந்நாட்டார் கையாகவே இருந்திருக்க வேண்டும். நாம் அதற்கு உரிமை கொண்டாட வேண்டுவதில்லை. அது நமக்கு அயல் என்றும் ஒதுங்க வேண்டுவதில்லை.

வேல்ஸ் கணக்கிட்டவற்றுள் 11 ஆவது இடம் சுங்கை பத்துத் தோட்டத்தில் இருந்தது. வீடமைப்புக்காக நிலத்தைத் திருத்தியபோது அதன் அடித்தளம் இயந்திரத்தால் வாரித் தள்ளப்பட்டது என்னும் செய்தி 2013 ஆம் ஆண்டு டிசம்பர் மாதத் தொடக்கத்தில் வெளியாயிற்று. நிலம் தனியாருடையது, காப்புக்குரிய இடமாக அரசிதழில் அறிவிக்கப்படாதது என்றார்கள். நாடெங்கும் கூக்குரல் எழுந்தது. நம்மவரும் உரக்கவே குரல் கொடுத்தனர். நன்று. ஆனால் அதற்கு முந்தைய எழுபத்தைந்து ஆண்டுகளில் அவ்விடத்தை அரசிதழில் ஏற்றச் சொல்லி நம் சங்கங்கள் எத்தனை மனு எழுதின? ரப்பர்க் காட்டின் நடுவே, நம் பால்வெட்டாளர் நாள்தோறும் கடந்து சென்ற வழியிலே கிடந்தது அது. 1867 இல் நாகப்பட்டினத்தார் வாளாவிருந்ததற்கும் இதற்கும் வேற்றுமை காண என்னால் இயலவில்லை.

2020 ஆம் ஆண்டு பிப்ரவரியில் தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. தமிழிலும் மந்திரம் ஓத வேண்டுமென்று வழக்காடி, உயர்நீதிமன்ற உத்தரவின்பின் வடமொழியோடு தமிழும் ஒலித்தது. தமிழ் எழுத்தால் நிறைந்த சுவருக்குள் தமிழ் நுழையவும் நீதிமன்றம் வேண்டியிருந்தது. அதற்காக வழக்காடியவரைப் பாராட்டுவோம். இங்கே அத்தகைய வழக்காடுவோர் இன்னும் தோன்றவில்லை.

ஆதலின் தோட்டத்து அன்பர்கட்கு ஒரு வேண்டுகோள். மெர்போக், பீடோங், சுங்கை பட்டாணி வட்டாரத் தோட்டங்களில் நாளும் நடப்பவர் நீங்கள். மேட்டையும் ஓடையையும் ஆராய்ச்சியாளரினும் நன்கு அறிந்தவர். மறுநடவுக்கு மண் புரட்டும்போது பழஞ்செங்கல் அடுக்கோ, குழித்த கல்லோ, பானையோட்டுக் குவியலோ கண்டால், அதனைப் பெயர்த்துச் சாமி மேடைக்குப் படிக்கல்லாய் வைக்க வேண்டா. மஞ்சள் பூசிக் கும்பிடவும் வேண்டா. கண்ட இடத்திலேயே விட்டு, மாவட்ட அதிகாரிக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். 2005 ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் அவ்வாறு தெரிவிக்கச் சொல்கின்றது. கடிதத்தின் படியொன்றை மெர்போக் அருங்காட்சியகத்துக்கு அனுப்புங்கள். மற்றொன்றை உங்கள் பெட்டியில் வையுங்கள். மலாய் மொழியில் எழுத இயலாதவர், தோட்டத்துப் பள்ளி ஆசிரியரிடம் கேட்டால் எழுதிக் கொடுப்பார்.